கடுமையான கோவிட்டுக்குப் பிறகு வீட்டிலிருந்தே நுரையீரல் மறுவாழ்வுப் பயிற்சி: வீடியோ கால் வழியாகச் செய்வதற்கான முழு வழிகாட்டி

கோவிட்டில் ஐசியு வரை போய், ஆக்சிஜனோ வென்டிலேட்டரோ வைத்துப் பிழைத்து வீடு திரும்பியவருக்கு, பிசியோதெரபிஸ்ட் வீடியோ காலில் வந்து பயிற்சி கொடுக்கும் ஏற்பாட்டைப் பற்றியது இந்தக் குறிப்பு. நோயாளிக்குப் பக்கத்தில் நிற்கப்போகும் வீட்டு ஆளை மனதில் வைத்து எழுதுகிறேன். புதிதாக இந்த வேலைக்கு வரும் பிசியோக்களுக்கும் இதே வரிசைதான். யாருடைய மேற்பார்வையும் இல்லாமல் தானாகச் செய்து பார்ப்பதற்கானது அல்ல.

புதியவர்கள் தடுமாறுவது பயிற்சியில் அல்ல, வரிசையில். முதல் நாளே மூச்சுப் பயிற்சியில் இறங்கிவிடுகிறார்கள். கீழே பாருங்கள், பயிற்சி ஆறாவதாகத்தான் வருகிறது. நேரில் என்றால் நோயாளியின் முகம் வெளுப்பதும் உதடு கறுப்பதும் நம் கண்ணில் படும். போன் திரையில் அது பாதிகூடத் தெரியாது. அந்தக் குறையை ஈடுகட்டத்தான் முதல் ஐந்து படிகளும்.

1. தொடங்கும் முன் டாக்டரிடம் கேட்டு வாங்க வேண்டியவை

டிஸ்சார்ஜ் சம்மரியைப் பிசியோவுக்கு முழுசாக அனுப்புங்கள். முதல் பக்கத்தை மட்டும் படம் எடுத்து அனுப்புவது வழக்கமாகிவிட்டது. நமக்கு வேண்டிய மருந்துப் பட்டியல் கடைசிப் பக்கத்தில் இருக்கும்.

டாக்டரிடம் நான்கு விஷயங்களுக்குத் தெளிவான பதில் வேண்டும். ஆக்சிஜன் அளவு எந்த எண்ணுக்குக் கீழே போனால் பயிற்சியை நிறுத்த வேண்டும்? வீட்டில் ஆக்சிஜன் வைத்திருந்தால் ஓய்வில் எத்தனை லிட்டர், நடக்கும்போது எத்தனை லிட்டர்? இதயம் பாதிக்கப்பட்டதா, ஈசிஜி, எக்கோ எடுத்தாயிற்றா? நுரையீரலிலோ காலிலோ ரத்தம் உறைந்திருந்ததா?

நிறுத்த வேண்டிய எல்லையாகப் பலரும் 88-ஐ வைப்பார்கள், சிலர் 90. உங்கள் நோயாளிக்கு எது என்பதை டாக்டர் கையால் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். இதய பாதிப்பும், உழைக்கும்போது ஆக்சிஜன் இறங்குவதும் இருக்கிறதா என்று பார்த்துச் சரிசெய்த பிறகே உடற்பயிற்சியை யோசிக்க வேண்டும் என்பதுதான் உலக சுகாதார நிறுவனம் 2022-இல் வெளியிட்ட வழிகாட்டலின் நிலைப்பாடும்.

மருந்துப் பட்டியலில் இரண்டைத் தேடுங்கள். ஒன்று, நாடித்துடிப்பைக் குறைக்கும் பீட்டா பிளாக்கர். அது இருந்தால் நாடியை வைத்து உழைப்பை அளக்க முடியாது. இன்னொன்று இன்சுலின் அல்லது சர்க்கரை மாத்திரை. கோவிட்டுக்குக் கொடுத்த ஸ்டீராய்டு சர்க்கரையை ஏற்றும்; அதை நிறுத்திய பிறகு சர்க்கரை தானாக இறங்கும், ஆனால் மருந்தின் அளவு பழையபடியே ஓடிக்கொண்டிருக்கும். அதோடு பயிற்சியும் சேர்ந்தால் தாழ்சர்க்கரை வர வாய்ப்பு அதிகம்.

முடிந்தால் ஒரு முறையாவது நேரில் பரிசோதனை நடக்கட்டும். தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில், வீட்டுக்கே வந்து பிசியோதெரபி செய்யும் ஏற்பாடு இருக்கிறது. பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்டுப் பாருங்கள்.

2. வீட்டைத் தயார் செய்வது

நாற்காலிதான் முதல் கருவி. கைப்பிடி இல்லாத, 45 சென்டிமீட்டர் உயரமுள்ள மர நாற்காலி அல்லது இரும்பு நாற்காலி. முதுகுப்பக்கம் சுவரை ஒட்டிப் போடுங்கள். பிளாஸ்டிக் நாற்காலி வேண்டாம். எழும்போது பின்னால் வழுக்கும், காலும் விரியும்.

பல்ஸ் ஆக்ஸிமீட்டர் (விரலில் மாட்டி ஆக்சிஜன் அளவையும் நாடியையும் பார்க்கும் கருவி), மாற்று பேட்டரி, பிபி மெஷின், ஒரு நோட்டு, அரை லிட்டர் தண்ணீர் பாட்டில் இரண்டு. நிறைந்த பாட்டில் ஒன்று அரைக் கிலோ, அதுவே டம்பெல்.

போனைப் படுக்கைவாக்கில், இடுப்பு உயரத்தில் வையுங்கள். ஸ்டூல் மேல் அரிசி டப்பாவை வைத்து அதில் சாய்த்தால் போதும். நோயாளியின் தலையிலிருந்து பாதம் வரை தெரிய வேண்டும். பாதம் தெரியாவிட்டால் முட்டி உள்பக்கம் சாய்கிறதா, குதிகால் தூக்குகிறதா என்று பிசியோவால் சொல்ல முடியாது. ஜன்னல் நோயாளிக்கு எதிரில் இருக்கட்டும். முதுகுக்குப் பின்னால் இருந்தால் திரையில் கறுப்பு உருவம்தான் தெரியும்.

போனைக் கையில் பிடித்துக்கொண்டு பின்னாலேயே நடக்காதீர்கள். கூட இருப்பவருக்கு இரண்டு கையும் காலியாக இருக்க வேண்டும். நோயாளி தடுமாறினால் பிடிக்கப்போவது அவர்தான்.

ஆக்சிஜன் கான்சன்ட்ரேட்டர் (காற்றிலிருந்து ஆக்சிஜனைப் பிரித்துத் தரும் மெஷின்) ஓடும் அறையில் விளக்கு, ஊதுபத்தி, சாம்பிராணி எதுவும் கூடாது; குழாயோடு அடுப்படிக்கும் போகக் கூடாது. குழாய் கால் நடக்கும் பாதையில் கிடக்காமல் ஒரு பக்கமாக ஓடட்டும். கரண்ட் போகும் ஊர் என்றால் சிறிய சிலிண்டர் ஒன்று கைவசம் இருக்க வேண்டும்.

3. வீடியோ அழைப்பு அறுந்துபோனால், உடம்பு முடியாமல் போனால்

இதை முதல் பயிற்சிக்கு முன்பே பேசி முடித்துவிடுங்கள். நடுவில் பேசலாம் என்று விட்டால் பேசவே மாட்டோம்.

பிசியோ கையில் இருக்க வேண்டியவை: வீட்டு முழு முகவரி, அடையாளம் சொல்லும் இடம், இரண்டாவது போன் நம்பர், பக்கத்து வீட்டுக்காரர் நம்பர், அருகில் உள்ள ஆஸ்பத்திரி. ஆபத்து என்றால் 108-க்கு அழைப்பது யார் என்பதும் முடிவாகியிருக்க வேண்டும். வழக்கமாக வீட்டு ஆள் நோயாளியைப் பார்த்துக்கொள்வார், பிசியோ அழைப்பார். இலங்கையில் உள்ளவர்களுக்கு அந்த எண் 1990.

வீடியோ அறுந்துபோனால் விதி எளிது: செய்வதை நிறுத்து, உட்கார், அளவைப் பார், சாதா போனில் அழைப்பு வரும்வரை காத்திரு. "இன்னும் ரெண்டுதான் பாக்கி, முடிச்சுடலாம்" என்று தொடரக் கூடாது.

பயிற்சியை அங்கேயே நிறுத்த வேண்டிய அறிகுறிகள்: நெஞ்சு வலி அல்லது இறுக்கம், தலைசுற்றல், கண் இருட்டுவது, படபடப்பு அடங்காதது, வார்த்தை வராத அளவு மூச்சிரைப்பு, டாக்டர் சொன்ன எல்லைக்குக் கீழே ஆக்சிஜன். உட்கார்ந்தும் சில நிமிடங்களில் தணியாவிட்டால் ஆம்புலன்ஸ்தான்.

இன்னும் மூன்று அறிகுறிகள் இருந்தால் பயிற்சியைத் தொடங்கவே கூடாது, அன்றே டாக்டரைப் பார்க்க வேண்டும்: ஒரு கால் மட்டும் கெண்டைச் சதையில் வீங்கி வலிப்பது, சளியில் ரத்தம், நேற்றுவரை இல்லாமல் திடீரென்று வந்த மூச்சுத்திணறல். கடுமையான கோவிட்டில் ரத்தம் உறையும் ஆபத்து வீடு திரும்பிய பிறகும் சில வாரங்கள் இருக்கும். கெண்டைச் சதை வீக்கத்தைச் சதைப்பிடிப்பு என்று நினைத்து எண்ணெய் போட்டுத் தேய்க்காதீர்கள்.

4. ஆக்ஸிமீட்டரைச் சரியாகப் படிப்பது

வீடியோ காலில் பிசியோவின் பாதிக் கண் இந்தச் சின்னக் கருவிதான். இதைத் தப்பாகப் படித்தால் மற்றதெல்லாம் வீண்.

எண்ணைத் தலைகீழாகப் படிப்பதுதான் நான் அடிக்கடி பார்க்கும் குழப்பம். விரலில் மாட்டியபடி எதிரில் நிற்பவர் பார்த்தால் திரை கவிழ்ந்து தெரியும். 98 என்பது 86 போலத் தெரியும், வீடே பதறிப்போகும். அதையாவது மறுபடி பார்த்துச் சரிசெய்துகொள்ளலாம். மறுபுறம், உண்மையில் 86-ஆக இருப்பது தலைகீழாக 98 என்று தெரியும், எல்லோரும் நிம்மதியாக இருப்பார்கள். அதுதான் ஆபத்து. நோயாளியின் பக்கம் போய் நின்று, சதவீதக் குறி நேராகத் தெரிகிறதா என்று பார்த்துவிட்டுப் படியுங்கள்.

அடுத்தது, இரண்டு எண்ணையும் மாற்றிச் சொல்வது. ஒன்று ஆக்சிஜன், மற்றது நாடி. "89" என்று மட்டும் சொன்னால் எது என்று எதிர்முனைக்குத் தெரியாது. "ஆக்சிஜன் 95, நாடி 89" என்று பெயரோடு சொல்லிப் பழகுங்கள்.

விரல் சூடாக இருக்கட்டும், நகப்பூச்சும் கறுப்பு மெஹந்தியும் இல்லாத விரலாக இருக்கட்டும். கையை நெஞ்சு உயரத்தில் ஆடாமல் வைத்து, எண் ஓடுவது நின்று நிலைத்த பிறகு, குறைந்தது அரை நிமிடம் கழித்துப் படியுங்கள். நடந்துகொண்டே பார்க்கும் எண்ணை நம்ப முடியாது.

நின்றவுடன் பார்த்துவிட்டுக் கழற்றுவதும் தப்பு. நுரையீரலில் நடப்பது விரல் நுனிக்கு வந்து சேர நேரம் பிடிக்கும். அதனால் உழைப்பின் மிகத் தாழ்ந்த அளவு பெரும்பாலும் உட்கார்ந்த பிறகு முதல் ஒரு நிமிடத்துக்குள்தான் வரும். நிறுத்தும்போது 94, அரை நிமிடம் கழித்து 89, அப்புறம் மெல்ல 95 என்று எண் ஓடுவதை அடிக்கடி பார்க்கலாம். நோட்டில் எழுத வேண்டியது அந்த 89-ஐ.

கருத்த தோலில் இந்தக் கருவி உண்மையைவிடச் சற்று கூட்டிக் காட்டலாம். அதனால் எண் நன்றாக இருந்தாலும் ஆள் திணறினால், ஆளை நம்புங்கள்.

5. தொடக்க அளவு எடுப்பது

எங்கிருந்து தொடங்குகிறோம் என்று தெரியாமல் எவ்வளவு கொடுப்பது என்று முடிவு செய்ய முடியாது. ஆஸ்பத்திரியில் 6 நிமிட நடைச் சோதனை செய்வார்கள். அதற்கு 30 மீட்டர் நேர் வராந்தா வேண்டும், நம் வீடுகளில் அது கிடையாது. அதற்குப் பதில் 1 நிமிடம் உட்கார்ந்து எழும் சோதனை.

கைகளை மார்பில் கட்டிக்கொண்டு, நாற்காலியிலிருந்து முழுசாக எழுந்து, முழுசாக உட்கார வேண்டும். ஒரு நிமிடத்தில் எத்தனை தடவை என்று எண்ணுங்கள். நடுவில் ஓய்வெடுக்கலாம், கடிகாரம் ஓடும். இது கேட்பதற்கு எளிதாகத் தெரியும், ஆனால் இளைத்த நோயாளிக்கு அன்றைய நாளின் மிகக் கடினமான வேலை. எழும்போதே தடுமாறுபவருக்கு அரை நிமிடம் போதும். எழவே முடியாதவருக்கு இந்தச் சோதனையே வேண்டாம்.

முன்னும் பின்னும் ஆக்சிஜன், நாடி, மூச்சிரைப்பு மூன்றையும் எழுதுங்கள். ஆக்சிஜன் 4 புள்ளியோ அதற்கு மேலோ இறங்கினால் பயிற்சியைத் தொடங்காமல் டாக்டருக்குத் தெரிவிக்க வேண்டும்.

மூச்சிரைப்புக்கு 0 முதல் 10 வரை போர்க் அளவுகோல். நோயாளிகளுக்கு நான் இப்படிச் சொல்வேன்: 0 என்றால் சும்மா உட்கார்ந்திருப்பது, 3 என்றால் மூச்சு வாங்குவது தெரிகிறது, ஆனால் முழு வாக்கியம் பேசலாம், 5 என்றால் நாலு வார்த்தைக்கு ஒரு தடவை நிறுத்த வேண்டும், 10 என்றால் இனி தாங்காது. ஆண்கள், குறிப்பாகக் குடும்பத்தை நடத்திய பெரியவர்கள், பிள்ளைகள் முன்னால் 5-ஐ 2 என்பார்கள். அதனால் எண்ணைக் கேட்கும்போதே ஏதாவது பேச வையுங்கள். "காலையில என்னப்பா சாப்பிட்டீங்க?" போதும். பதில் எங்கே அறுபடுகிறது என்று கவனியுங்கள்.

6. ஒரு நாள் பயிற்சியின் வரிசை

வாரத்துக்கு 3 நாள், விட்டு விட்டு. சாப்பிட்டு ஒன்றரை மணி நேரமாவது ஆகியிருக்க வேண்டும். நம்மூர் வெயிலில் காலை அல்லது மாலைதான். சர்க்கரை மருந்து எடுப்பவர் முதலில் சர்க்கரை பார்க்கட்டும். 100-க்குக் கீழே இருந்தால் ஒரு இட்லியோ வாழைப்பழமோ சாப்பிட்டுச் சற்றுப் பொறுத்து, மறுபடி பார்த்த பிறகே தொடங்கலாம்.

முதல் 5 நிமிடம் உட்கார்ந்தபடி தோள், கை, கணுக்கால் அசைவு. நேரடியாக நடையில் இறங்கினால் நாடி எகிறும், ஆக்சிஜன் சடாரென்று விழும்.

அடுத்து நடை. ஹாலிலேயே 1 நிமிடம் நடப்பது, 1 நிமிடம் உட்காருவது, இப்படி 5 சுற்று. தொடர்ந்து 5 நிமிடம் நடக்கச் சொன்னால் இரண்டாவது நிமிடத்தில் நின்றுவிடுபவர், இப்படிப் பிரித்துக் கொடுத்தால் முழு 5 நிமிடத்தையும் நடந்து முடிப்பார். மூச்சிரைப்பு 3-ஐ ஒட்டி இருக்கட்டும்.

அப்புறம் தசை. நாற்காலியிலிருந்து எழுந்து உட்காருவது 5 முதல் 8 தடவை, ஓய்வு, மறுபடி ஒரு முறை. சுவரைப் பிடித்துக்கொண்டு குதிகால் தூக்குவது. பாட்டிலோடு முழங்கை மடக்குவது. எழும்போதும் தூக்கும்போதும் மூச்சை வெளியே விட வேண்டும். அடக்கினால் பிபி ஏறும், தலை சுற்றும்.

நுரையீரலுக்குத்தானே பயிற்சி, காலுக்கு எதற்கு என்று கேட்காத குடும்பம் இல்லை. ஐசியு படுக்கையும் ஸ்டீராய்டும் முதலில் கரைப்பது தொடை, இடுப்புத் தசைகளைத்தான். பலமில்லாத தொடை அதே பத்தடிக்கு அதிக ஆக்சிஜனைக் கேட்கும், அந்தச் சுமை நுரையீரல் மேல் விழும். வடுவான நுரையீரலை நம்மால் அவசரப்படுத்த முடியாது. தொடையைத் தேற்ற முடியும்.

கடைசி 5 நிமிடம் மெதுவான அசைவு, பின்பு உட்கார்ந்து இறுதி அளவு. மொத்தம் அரை மணி நேரம், அதில் பாதி ஓய்வுதான். நேரம் வீணாகிறதென்று ஓய்வைச் சுருக்காதீர்கள்.

7. மூச்சுப் பயிற்சி: அளவோடு

உண்மையில் பயன்படுவது இரண்டு. ஒன்று, மூக்கால் இழுத்து, விசில் அடிப்பதுபோல உதட்டைக் குவித்து, இழுத்ததைவிட இரண்டு மடங்கு நேரம் எடுத்து மெதுவாக விடுவது. மற்றொன்று, மூச்சு முட்டும்போது முன்னால் குனிந்து முழங்கையைத் தொடையில் ஊன்றி உட்காருவது. இரண்டையும் சும்மா இருக்கும்போது பழகிக்கொண்டால்தான் திணறும்போது கைகொடுக்கும்.

மூன்று பந்து ஸ்பைரோமீட்டர் இல்லாத வீடு இல்லை. அதில் பாதிப்பேர் ஊதுகிறார்கள். அது இழுக்கும் கருவி. பந்து அசையவில்லையே என்று தலைகீழாகப் பிடித்து ஊதுபவர்களும் உண்டு. வாயை இறுக மூடி, மெதுவாக உள்ளே இழுத்து, முதல் பந்தையோ இரண்டாவதையோ இரண்டு மூன்று நொடி மேலே நிறுத்துங்கள். மூன்றாவது பந்தை வேகமாக அடித்து ஏற்றுவதில் பெருமை இல்லை, தலைசுற்றல்தான் மிச்சம். வெளியே விடும்போது வாயிலிருந்து எடுத்துவிடுங்கள்.

பலூன் ஊதுவது, மூச்சை வேகவேகமாக வெளியே தள்ளும் கபாலபாதி, நெடுநேரம் மூச்சை அடக்கும் கும்பகம் மூன்றும் ஆரம்ப வாரங்களில் வேண்டாம். கடுமையான கோவிட்டில் சிலருக்கு நுரையீரலைச் சுற்றிக் காற்று கசிந்திருக்கும். அவர்களுக்கு உள் அழுத்தம் கூடுவது ஆபத்து.

8. கூட்டுவதா குறைப்பதா: மறுநாள்தான் சொல்லும்

முழுத் திட்டத்திலும் அதிகம் சறுக்குவது இங்கேதான். பயிற்சி முடிந்ததும் நோயாளி உற்சாகமாக இருப்பார். அதை வைத்து அடுத்த தடவைக்குக் கூட்டக் கூடாது. கோவிட்டுக்குப் பிந்தைய சோர்வு சிலருக்கு அரை நாள் கழித்து, சில நேரம் இரண்டு மூன்று நாள் கழித்தும் வந்து படுக்கவைக்கும்.

அதனால் அடுத்த இரண்டு நாளும் காலையில் மூன்று கேள்வி: தூங்கி எழுந்த களைப்பு வழக்கம்போலவா, கூடுதலா? ஓய்வில் நாடி வழக்கத்தைவிட அதிகமா? யோசிப்பதும் பேசுவதும் மந்தமாக இருக்கிறதா? பதிலை நோட்டில் எழுதி, அடுத்த வீடியோ கால் தொடங்கும்போது முதலில் அதைப் படியுங்கள்.

மூன்றும் வழக்கம்போல இருந்தால் ஒன்றே ஒன்றைக் கூட்டலாம். நடை நிமிடமோ, எழும் எண்ணிக்கையோ, பாட்டில் எடையோ. இரண்டைச் சேர்த்துக் கூட்டினால் பின்னடைவு எதனால் வந்தது என்று தெரியாமல் போகும்.

சற்றுக் கூடுதல் களைப்பு என்றால் அதே அளவில் நில்லுங்கள். படுத்துவிட்டார் என்றால் முழுசாகத் தெளிந்த பிறகு பாதி அளவில் தொடங்குங்கள். ஒவ்வொரு தடவையும் இப்படி விழுகிறார் என்றால் அவருக்கு இந்தப் பயிற்சி இப்போதைக்குச் சரிப்படாது. படிப்படியாகக் கூட்டும் முறையை விட்டுவிட்டு, வேலையையும் ஓய்வையும் பங்கிட்டு நாளை ஓட்டும் முறைக்கு மாற வேண்டும். "மனசு வெச்சா முடியும்" என்று தள்ளுவது இவர்களுக்குக் கெடுதல்தான் செய்யும்.

எழுந்து நின்றாலே நாடி இருந்ததைவிட 30 துடிப்புக்கு மேல் எகிறி, தலை கிறுகிறுக்கிறதா? அது வேறு பிரச்சினையாக இருக்கலாம். டாக்டருக்குச் சொல்லுங்கள். அதுவரை உட்கார்ந்தும் படுத்தும் செய்யும் பயிற்சி மட்டும்.

9. குளியலையும் கணக்கில் சேருங்கள்

நோட்டில் பயிற்சி மட்டும் இருக்கும், குளியல் இருக்காது. ஆனால் வாளியிலிருந்து மொண்டு ஊற்றி, கையைத் தூக்கித் தலை துவட்டி, குனிந்து கால் தேய்ப்பது பலருக்கு நடையைவிடப் பெரிய வேலை. கையைத் தலைக்கு மேல் தூக்கும்போது மூச்சுக்கு உதவும் தோள், கழுத்துத் தசைகள் வேறு வேலைக்குப் போய்விடுகின்றன. ஸ்டூலில் உட்கார்ந்து, வாளியை உயரத்தில் வைத்து, வெதுவெதுப்பான தண்ணீரில் குளிக்கட்டும். கதவுக்குத் தாழ்ப்பாள் வேண்டாம். குளித்து ஒரு மணி நேரத்துக்குள் பயிற்சி வேண்டாம்.

கழிப்பறை இந்தியன் என்றால் முதல் வாரங்களுக்குக் கமோடு நாற்காலி வாங்கிவிடுங்கள். தரையில் உட்கார்ந்து எழுவதைப் பிறகு ஒரு இலக்காகவே வைத்துப் பழகலாம். மாடிப்படியில் ஏறும் அடிக்கு மூச்சை விட்டு, நின்று இழுத்து, அடுத்த படி.

10. 6 முதல் 8 வாரம் ஆன பிறகு

தொடக்கச் சோதனையை அதே நாற்காலியில், அதே நேரத்தில் மறுபடி செய்யுங்கள். நாள்பட்ட நுரையீரல் நோயாளிகளிடம் 3 தடவை கூடினாலே அது அவர்களுக்கே தெரியும் முன்னேற்றம் என்று கணக்கிடுகிறார்கள். இங்கும் அதையே ஒரு அளவாக வைத்துக்கொள்ளலாம். எட்டு வாரம் என்பது பொருத்தமான காலம்தான். ஆஸ்பத்திரியிலிருந்து வந்து 3 மாதமாவது ஆன 585 பேரிடம் பிரிட்டனில் நடந்து, 2024-இல் வெளியான ரீகெய்ன் ஆய்வும் 8 வார ஆன்லைன் திட்டம்தான். ஒரு தடவை ஆலோசனை மட்டும் பெற்றவர்களைவிட இவர்களின் வாழ்க்கைத்தரம் கூடியிருந்தது.

எண்ணிக்கை கூடாமல், ஆக்சிஜனும் பழையபடியே இறங்கினால் பயிற்சியை நீட்டிப் பயனில்லை. நெஞ்சக நோய் டாக்டரைப் பார்த்து சிடி ஸ்கேன், நுரையீரல் செயல்திறன் சோதனை, எக்கோ பற்றிக் கேளுங்கள். பிசியோவின் நோட்டை மறக்காமல் கொண்டுபோங்கள்.

முன்னேற்றம் இருந்தால் வீடியோ காலை வாரத்துக்கு ஒன்று, பிறகு மாதத்துக்கு ஒன்று என்று குறைத்து, நடையும் வாரம் இரண்டு நாள் தசைப் பயிற்சியும் வீட்டில் தொடரட்டும். கான்சன்ட்ரேட்டரை வாடகைக்கு எடுத்திருந்தால் பகலில் அளவு 96 காட்டுகிறதே என்று உடனே திருப்பிக் கொடுத்துவிடாதீர்கள். ஓய்விலும் நடையிலும் தூக்கத்திலும் ஆக்சிஜன் இல்லாமலே அளவு நிற்கிறது என்று டாக்டர் பார்த்துச் சொன்ன பிறகு கொடுக்கலாம்.